முட்டைக்காரன் வீட்டு வளைவு

சேம்பாறை மலைப்பாதைக்கு மொத்தம் பதினெட்டு வளைவு, அதில் பதினோராவது வளைவு பங்குனியிலிருந்து ஐப்பசி வரைக்கும் மலையில் இல்லை, அடிவாரத்தில் முட்டைக்காரன் காசிமாயன் வீட்டுக்குள் இருந்தது. அந்தப் பக்கத்தில் பஸ் ஏறி இறங்குகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், சொல்லும்போது குரலை உயர்த்தமாட்டார்கள், ரேஷன் கடை எந்தத் தெருவில் என்று வழி சொல்வதுபோலத்தான் சொல்வார்கள்.

காசிமாயனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பைக்கின் பின்சீட்டில் பலகை போட்டு, பலகைமேல் பன்னிரண்டு அட்டை முட்டை அடுக்கி, டியூப் கயிற்றால் இறுக்கிக் கட்டி, காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மலைமேல் இருக்கிற ஒன்பது ஊர்க் கடைகளுக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் போட்டுவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடுவான். ஆறு வருஷம் இப்படி ஏறி இறங்கினவன், கண்ணைக் கட்டிவிட்டாலும் வளைவு வளைவாக எண்ணிச் சொல்லக்கூடியவன், பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பனி இல்லாத, எதிரில் வண்டி இல்லாத, நல்ல வெளிச்சத்தில், பதினோராவது வளைவின் பாதியில் விழுந்தான். முந்நூற்று அறுபது முட்டையும் உடைந்தது. பின்னால் பஸ் ஓட்டி வந்த சிக்கந்தர் பாய்க்கு முதலில் வந்தது வாசனைதான். சூடேறின தார்மேல் மஞ்சள் வேகிற வாசனை. ரோட்டோரம் யாரோ ஆம்லெட் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வளைவைத் திருப்பினவர், மஞ்சளுக்கு நடுவில் கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாகக் கிடந்தவனைப் பார்த்தார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் வீட்டில் முட்டை வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று நாள். இடது காலில் மூன்று இடத்தில் முறிவு, உள்ளே ஒரு கம்பி, வெளியே நான்கு கம்பி, விலா இரண்டு, தோள்பட்டை எலும்பு ஒன்று. எப்படிடா விழுந்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. "தெரியல" என்பான். கல்லா? தெரியல. மாடு குறுக்க வந்துச்சா? தெரியல. பிரேக் பிடிச்சியா? தெரியல. அவனிடம் மிஞ்சியிருந்தது ஒரு பெரிய சத்தமும், அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஒரு வெற்றிடமும்தான். வீட்டுக்குத் தூக்கி வந்து கட்டிலில் போட்டபிறகும் அவன் கண்ணை முழுசாக மூடவில்லை. அடுப்படியில் ஒரு கரண்டி விழுந்தால் அவன் உடம்பு கட்டிலைவிட்டு ஒரு விரற்கடை எழும்பி, பிறகு இறங்கும்.

"இது பயந்த கோளாறு" என்றாள் அவன் மனைவி ரதிதேவி. அதற்கு அந்த ஊரில் ஒரு வழி உண்டு. விழுந்தவன் விழுந்த இடத்து மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து வந்து, மூன்று தரம் தலையைச் சுற்றி, அன்றைக்குப் பொழுது இறங்குவதற்குள் அடுப்பு நெருப்பில் போட்டுவிடவேண்டும், அவ்வளவுதான். ரதி சிக்கந்தர் பாய் பஸ்ஸில் ஏறிப் போய் பதினொன்றில் இறங்கினாள். மண் ரோட்டோரம் கிடந்தது. ஆனால் அவன் விழுந்தது ரோட்டோரத்தில் இல்லையே, நடு ரோட்டில் அல்லவா விழுந்தான் என்று அவளுக்குத் தோன்றியது. செய்வதைச் சரியாகச் செய்யவேண்டும் என்று நினைக்கிற பெண். பெயர்ந்து ஆடிக்கொண்டிருந்த இடத்தில் கல்லால் தட்டி, மஞ்சள் காய்ந்து ஒட்டியிருந்த தார்க்கட்டி ஒன்றைத் தேங்காய்மூடி அளவுக்குப் பெயர்த்து, முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாள். தலையைச் சுற்றினாள். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து மேலே வைத்தாள். அது எரியவில்லை, கரும்புகை கக்கியது, காசிமாயன் இருமினான், இருமினால் விலா வலித்தது. அடுப்பை அணைத்துவிட்டு, நாளைக்கு விறகு மூட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று கட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தாள். பொழுது இறங்கியது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு முதல் பஸ் வீட்டுக்குள் வந்தது.

நிலைப்படியில் பஸ் நுழையுமா என்றால், நுழைந்தது. பத்தாவது வளைவு முடிந்து கொஞ்ச தூரம் ஏறினால் காசிமாயன் வீட்டு வாசல். வாசலுக்குள் நுழைந்து, கட்டிலை வலமாகச் சுற்றி, அடுப்படிப் பக்கம் வெளியேறினால் பன்னிரண்டுக்குப் போகிற ஏற்றம். தெற்குச் சுவர் இருந்த இடத்தில் முழங்கால் உயரத் தடுப்புக்கட்டை, அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. சிக்கந்தர் பாய் கட்டில் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "காசி, தேவலையா?" என்றார். பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. உறைத்ததும் அவர் முதலில் செய்தது காலில் கிடந்த செருப்பைக் கழற்றினது. வீட்டுக்குள் செருப்புக்காலோடு வரலாமா?

அன்றிலிருந்து மலைக்குப் போகிற டிரைவர்கள் எல்லாரும் பத்தாவது வளைவில் செருப்பைக் கழற்றினார்கள், பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார்கள், பீடியை அணைத்தார்கள். வீட்டில் உடம்புக்கு முடியாத ஆள் இருக்கிறான் என்று ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. ஹாரனுக்குப் பதிலாகக் கண்டக்டர் தொண்டையைச் செருமினார். ரோட்டு ஆபீஸிலிருந்து மூன்று பேர் டேப்போடு வந்து அளந்து, 'வளைவு உள்ளது, அகலம் சரி, இடம் மட்டும் மாறியுள்ளது' என்று எழுதிக்கொண்டு, எதிரே வருகிற வண்டி தெரியவேண்டுமே என்று டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு குண்டுக் கண்ணாடியை நட்டுவிட்டு, ரதி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அடிவாரத்துக்காரர்களுக்குப் பத்து வளைவு சுற்றுகிற வேலை மிச்சமானது. மேலே போகவேண்டியவர்கள் நேராகக் காசிமாயன் வீட்டுக்கு வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், காத்திருந்த நேரத்தில் ரதிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் 'முட்டைக்காரர் வீடு' என்று ஒரு ஸ்டேஜ் உண்டானது. கல்யாண வேன்கள் நின்றன. மணமக்கள் இறங்கி, கட்டிலில் கிடப்பவன் கையால் திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள், ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

"உங்க வீட்ல இன்னைக்கு என்ன குழம்புங்கிறது ஒன்பது ஊருக்கும் தெரியும்டா காசி" என்பார் சிக்கந்தர் பாய்.

"தெரிஞ்சு என்ன, ஒருத்தராச்சும் உப்பு பத்தலன்னு சொல்றீங்களா பாய்அண்ணே?" என்பாள் ரதி.

"நேத்து சொன்னேனே, நீ பதினெட்டாவது வளைவு வரைக்கும் கேக்குற மாதிரி என்னைய வைஞ்ச."

இப்படி எல்லாரும் சிரித்தார்கள். காசிமாயன் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது வண்டி அவன் கட்டிலைச் சுற்றிக்கொண்டு திரும்பியது, ஒவ்வொரு வண்டி சாயும்போதும் அவன் வலது கை கட்டில் சட்டத்தை பிரேக் என்று நினைத்து இறுக்கியது, இறுக்கி இறுக்கி அந்த இடத்தில் சட்டம் வழுவழுத்துப் போனது. ஆனால் அவனை உலுக்கினது பயம் மட்டும் இல்லை. எழுபது வயதுக்காரர் ஒருவர் பழைய மொபெட்டில் காது மடலைச் சொறிந்துகொண்டே திரும்பிப் போனார். ஏழு மாதக் கர்ப்பிணி டீச்சர் ஒருத்தி ஸ்கூட்டியில், பக்கத்தில் வந்தவளோடு மாமியார் கதை பேசிக்கொண்டே திரும்பிப் போனாள். பலாப்பழம் ஒன்பது கட்டினவன் போனான். இவ்வளவு லேசான வளைவிலா நான் விழுந்தேன், இதிலா, இதிலா என்று அவன் மனசு ஒவ்வொரு சக்கரத்துக்கும் கேட்டுக்கொண்டது, யாரிடமும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அதுவும் போக, ரோட்டில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. வாசலிலிருந்து வந்து, வளைவில் சாய்ந்து, பாதியில் நின்றுபோன ஒற்றைச் சக்கரத் தடம். ரதி காலையில் போடுகிற கோலத்தை முதல் பஸ்ஸே அழித்துவிடும். அந்தக் கோட்டை ஏழு மாதச் சக்கரமும் அழிக்கவில்லை. மூன்றாவது வாரமே காசிமாயனுக்குத் தெரிந்துவிட்டது, இந்த வளைவு எதற்காகத் தன் வீட்டில் காத்துக் கிடக்கிறது என்று. விழுந்தவன் மீதிப் பாதியை ஓட்டி முடிக்கவேண்டும். ஊருக்கும் தெரிந்தது. அவன் காலைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்த்தார்கள், மழை எப்ப வரும் என்று பேச்சை மாற்றிக்கொண்டார்கள். ரதிக்கும் தெரிந்தது, அவளால் அதை நினைக்கக்கூட முடியாது. ஏனென்றால் ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு திரும்பாமல் கிடந்த இரண்டாம் நாள், அவள் கருப்பசாமி கோயிலுக்கு ஓடிப்போய், உள்ளங்கையில் சூடம் ஏற்றி, "இந்த ஆளைக் குடு, இனிமே வண்டியத் தொடவிடமாட்டேன்" என்று, சூடம் அணைகிற வரைக்கும் கையை உதறாமல் நின்றுவிட்டு வந்திருந்தாள். மறுநாள் அவன் கண் திறந்தான்.

புரட்டாசியில் வெளிக்கம்பிகளை எடுத்தார்கள். இடது கால் ஒரு விரல் அகலம் குட்டையாகிப் போயிருந்தது. கம்பூன்றி நடந்தான், வளைவைக் குறுக்கே கடந்து வாசலுக்குப் போவான், வருவான். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்துப் பக்கமிருந்து பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து சோற்றுப்பானைமேல் உட்கார்ந்தது. தட்டில் ஊற்றின குழம்பு ஒரு பக்கமாகவே ஒதுங்கியது. தண்ணீர்க் குடம் தானாக நகர்ந்து தடுப்புக்கட்டையில் முட்டி நின்றது. வீடு தெற்கே சாய்கிறது என்று சொல்ல யாரும் வரவேண்டியிருக்கவில்லை.

நான்காம் நாள் காலை, சிக்கந்தர் பாய் பஸ் கட்டில் ஓரம் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வெளி விளிம்பு வாய் பிளந்தது. முதலில் தடுப்புக்கட்டை போனது. அதற்குப் பக்கத்தில் வைத்திருந்த கிரைண்டர், ஊறப்போட்ட அரிசி உள்ளே கிடக்க, தலையை ஆட்டிக்கொண்டே விளிம்புக்குப் போய், சாய்ந்து, மறைந்தது. ரதி கையை நீட்டினபடியே நின்றாள். சத்தம் வரவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை, வரவில்லை, பிறகு வெகு கீழே இரும்பும் கல்லும் ஒன்றாக உடைகிற சத்தம் வந்தது.

காசிமாயன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"கைய எடுத்துட்டேன்" என்றான்.

"என்னங்க? எந்தக் கை? எங்கயாச்சும் பட்டுருச்சா?"

"நான் கைய எடுத்துட்டேன் ரதி. அன்னைக்கு. மேல் அட்டை நழுவுற மாதிரி இருந்துச்சு. இடது கைய எடுத்துப் பின்னால விட்டு அட்டையப் பிடிச்சேன். வளைவுல. பாதி வளைவுல. ஒத்தக் கையில ஓட்டுனேன்."

அவன் இடது கை அப்போதும் முதுகுக்குப் பின்னால் போய் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. தானாகப் போன கை, ஆறு வருஷமாக ஒவ்வொரு வளைவிலும் தானாகப் போய் அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த கை, அப்படிப் போவது அவனுக்கே தெரியாத கை. கல் இல்லை. மாடு இல்லை. வளைவு எந்தத் தப்பும் செய்யவில்லை.

"முப்பது முட்டைக்கு" என்றான். "ஒரே ஒரு அட்டை... முப்பது முட்டைக்கா?"

பஸ்ஸின் நடு ஜன்னலில் இருந்த பெண் ஒருத்தி, கூடை வைத்திருந்தவள், மெதுவாக, "பிள்ளையப் பின்னால உக்கார வச்சு ஓட்டுறப்ப நானும் அப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிறேன்" என்றாள். பின்சீட்டில் ஒருவர், "கேஸ் சிலிண்டர் கட்டுனா நானும்" என்றார். சிக்கந்தர் பாய் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் பதினெட்டாவது வளைவு வரைக்கும் முன்சீட்டுக் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை என்று பிற்பாடு கண்டக்டர் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் விளிம்பு இன்னும் இரண்டு முழம் உள்வாங்கியது. கட்டிலை நகர்த்த இடமில்லை. ரதி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் சூடம் சுட்ட வட்டம், பொரித்துவைத்த அப்பளம் மாதிரி சுருங்கிய தோல்.

"எங்கயாச்சும் போயிருவோம்" என்றாள். "வீடு போனாப் போகட்டும்."

"நம்ம போயிரலாம். வண்டிக எல்லாம் இதுக்குள்ளதான வரணும்? டீச்சர் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரும். விளிம்பு இல்லாத வளைவுல."

"நான் அந்தக் கட்டிய எடுத்துட்டு வராம இருந்திருந்தா..."

"எடுத்துட்டு வராட்டி எனக்கு இது தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சு என்ன கிழிச்சீங்க? காலைல இருந்து வாயத் தொறந்தா முப்பது முட்டை, முப்பது முட்டைன்னு பேயறஞ்ச மாதிரி..." என்று கத்தினவள், அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சத்தியம் பண்ணினது நான். சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க டொமினிக் அண்ணனுக்குப் போன் போடுங்க."

டொமினிக் மெக்கானிக். நசுங்கின வண்டியை யாரும் கேட்காமலேயே ஏழு மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நேராக்கி வைத்திருந்தவர். மறுநாள் காலை எட்டு மணிக்கு அதை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "சேசிஸ் நேராக்கிட்டேன் மாப்ள, ஹேண்டில்பார் புதுசு. முட்டை நாத்தம் மட்டும் போக மாட்டேங்குது, மூணு தடவ பெட்ரோல் போட்டுக் கழுவிட்டேன்" என்றவர், காசிமாயனைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். அவன் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன. பத்தாவது வளைவில் பஸ்ஸும் லாரியும் வரிசையாக நின்றன, பன்னிரண்டிலும் அப்படியே. வண்டியில் இருந்தவர்கள் இறங்கிவந்து சுவரோரம் நின்றார்கள், வெறுங்காலோடு.

"பின்னால நான் ஏறிக்கிறேன்" என்றாள் ரதி.

"வேண்டாம்."

"விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்."

"அதுக்கில்ல ரதி. பின்னால நீ இருந்தா கை பின்னால வந்துரும்."

அவள் ஹெல்மெட் பட்டியை மாட்டிவிட்டாள். இரண்டு தரம் வழுக்கியது, மூன்றாம் தரம் மாட்டியது. இடது முட்டி முழுசாக மடங்கவில்லை. கியரைக் குதிகாலால் மிதித்துப் போட்டான். எஞ்சின் சத்தம் தொடை எலும்புக்குள் இருக்கிற கம்பியில் ஏறி இடுப்பு வரைக்கும் வந்தது. மஞ்சள் கோட்டின்மேல் முன்சக்கரத்தை வைத்து, நடக்கிறவனைவிட மெதுவாக, வாசல் தாண்டி, குண்டுக் கண்ணாடியில் தன் உருவம் பூசணிக்காயாக வீங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே, கட்டிலைச் சுற்றி, சாய்ந்தான். இடப்பக்கம் பள்ளத்தின் குளிர் காற்று முழங்காலைத் தொட்டது. கோடு முடிகிற இடம் வந்தது. அதற்கப்பால் ரோடு வெறும் கறுப்பாக இருந்தது, அவன் மட்டும் இதுவரை தொடாத கறுப்பு.

பின்சீட்டில் பலகை இல்லை, அட்டை இல்லை, முட்டை இல்லை. ஆனாலும் எதுவோ நழுவியது. நழுவுகிறது, நழுவுகிறது, பிடி என்றது முதுகு. இடது கை ஒரு நெல் அளவு எழும்பியது. சுவரோரம் நின்ற அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். காசிமாயன் பல்லைக் கடித்து, நழுவுவது நழுவட்டும் என்று விட்டான். முதுகுக்குப் பின்னால் அது விழுந்து உடைந்தது. சத்தியமாக உடைந்தது, முப்பதும், ஒவ்வொன்றாக, அவன் காதில் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கை இறங்கிப் பிடியைப் பிடித்தது.

அப்புறம் காற்று. ஈரப் புல் வாசனை. மேலே வானம் இருந்தது, கூரை இல்லை.

பன்னிரண்டுக்குப் போகிற ஏற்றத்தில், ரோடு அகலமாகிற இடத்தில், வண்டியை வளைத்துத் திருப்பி, ஒரு காலை ஊன்றி நின்றான். கீழே பதினோராவது வளைவு மலையில் இருந்தது. தடுப்புக்கட்டை இருந்தது, ரோட்டோர மண் இருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது. கட்டில் இல்லை. டி.வி. இல்லை. சுவரோரம் நின்ற ஜனங்கள் இப்போது மலைச்சரிவோரம் நின்று, தங்கள் வெறுங்காலையும் ஒருத்தரை ஒருத்தரும் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குள் ரதி இல்லை. அவள் வீட்டில் இருந்தாள். வீடு பதினொரு வளைவுக்குக் கீழே இருந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது.

அவள்தான். தெற்குச் சுவர் வந்துவிட்டதா என்று அவனுக்கும் கேட்கவேண்டும்போல இருந்தது. போனை எடுக்க ஒரு கை வேண்டும். அவன் இடது கையைப் பார்த்தான்; எடு என்றான். வரவில்லை. வலது கையைச் சொன்னான். அதுவும் வரவில்லை. பத்து விரலும் பிடியோடு பிடியாக வெளுத்துப் போய் ஒட்டியிருந்தன, அவன் கை மாதிரியே இல்லை, டொமினிக் புதிதாக மாட்டின சாமான் மாதிரி இருந்தன. உடம்பு முழுக்க உதறியது, கை மட்டும் உதறவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது.

சிக்கந்தர் பாய் மழையில் நனைந்துகொண்டே ஏறி வந்தார். "விட்டு இறங்குடா காசி. வண்டிய பஸ் மேல ஏத்திக்கிறலாம். நீ பஸ்ல வா. முடிச்சிட்டல்ல, போதும்."

"இறங்க முடியல பாய்."

"கால் வலிக்குதா?"

"கைய எடுக்க முடியல."

பாய் அவன் விரலைப் பிரித்துப் பார்த்தார். ஒன்றைப் பிரித்தால் மற்றது இறுகியது. போன் அவன் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது, பத்து அடித்து ஓய்ந்து, மறுபடி பத்து. கீழே ஒரு வீட்டில் ஒருத்தி சுவரைத் தொட்டுக்கொண்டு நின்று அழுத்திக்கொண்டே இருக்கிறாள் என்பது அந்த அடிப்பிலேயே தெரிந்தது. பாய் போனை எடுக்கப் பைக்குக் கை நீட்ட, "வேண்டாம் பாய், உங்க குரலக் கேட்டா நான் விழுந்துட்டேன்னு நெனப்பா" என்று தடுத்தான். அதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது.

"நீங்க வழி விடுங்க பாய்" என்றான்.

பாய் ரோட்டின் ஓரத்துக்கு நகர்ந்தார். காசிமாயன் கியரை மிதித்தான். பதினோராவது வளைவு கீழிருந்து மெல்ல மேலேறி வந்தது. சட்டைப் பைக்குள் அடிக்கிறதைப் பார்த்துக் குனியாமல், ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பல் தந்தியடிக்கச் சொன்னான்:

"அடிச்சுக்கிட்டே இரு ரதி. கீழ வந்து எடுக்குறேன்."